குளியலறை மூலையில் ஒரு வாடை

எங்கள் வீட்டுக் குளியலறையில் மூத்திர வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. மாடியில் குடியிருக்கும் பெண், சாக்கடைக் குழாய், சந்தில் திரியும் பூனை, கடைக்காரர் தண்ணீர் கலந்து விற்றதாக நான் நினைத்த பினாயில், கடைசியில் என் வீட்டுக்காரர். சந்தேகம் எனக்குப் புதிதில்லை. "ஒங்க அம்மா சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணத் தெறந்துதான் வச்சிருப்பா" என்று அவர் மகனிடம் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான். கோயில் வாசலில் விட்ட என் செருப்பு இதுவரை தொலைந்ததில்லை.

அவர் முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர். விடியும் முன்னே போடியில் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனிதர். ஒரு தடவை மழையில் ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு வந்து, அந்த வளைவு முந்தின நாள் அங்கே இல்லை என்பதுபோலப் பேசினார். தண்ணி போட்டுவிட்டு வந்தால் வாசனை டீசலுடையது என்பார். ஜீப்பில் யாரோ ஒருத்தி மறந்துவிட்டுப்போன கண்ணாடி வளையல் என் கையில் சிக்கியபோது, அது வண்டி வாங்கும்போதே உள்ளே இருந்தது என்றார். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்துத்தான் வரும்.

நான் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கியவள். தட்டில் வெள்ளைத் துணியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, காயை அதில் பரப்பினால் நல்ல பச்சை, வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது எல்லாம் தானாகத் தெரியும். பழைய காயைப் புதுக் காயோடு கலந்து கொண்டுவந்தால் ஒரு கை அள்ளி முகர்ந்து சொல்லிவிடுவேன். "நீ வீட்டுக்குப் போனாலும் மூக்க இங்க விட்டுட்டுப் போ ஆத்தா" என்று மேஸ்திரி கேலி செய்வார். என் வீட்டுக்காரருக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டேன். மூக்கை விடவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு குளியலறையிலேயே மேலை நாட்டுப் பாணிக் கக்கூசு வைத்துக் கட்டினோம். அதற்கு இடது பக்கச் சுவரில் அவர் நல்ல கையால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வலது பக்கம், கக்கூசுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு இடம். அங்கேதான் நான் நிற்பேன். அவருடைய விழுந்த பக்கத்தில் நின்று, அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்து, முடிந்ததும் தூக்கிக் குளிக்கிற நாற்காலிக்கு மாற்றுவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அவர் நல்ல கனமான ஆள். சாப்பாட்டில் மட்டும் வாதம் விழவில்லை.

வாடை அந்த ஒரு முழ இடத்திலிருந்துதான் வந்தது. ஆனி மாதம் மலையிலிருந்து சாரல் காற்று இறங்கத் தொடங்கியதும் தரை காயாமல் போயிற்று, வாடையும் எழுந்து நின்றுவிட்டது. காலையில் கழுவிவிட்டால் மத்தியானம் வரை சும்மா இருக்கும். பிறகு யாரோ கூப்பிட்டு அனுப்பியதுபோல வந்துவிடும். ஹால் வரைக்கும் வரும். மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது வரும்.

முதலில் மாடிப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அவள் வீட்டுக் குழாய் அந்தச் சுவரின் வெளிப்பக்கமாகத்தான் இறங்குகிறது. படியேறிப் போய், "ஒங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஊறுது" என்றேன். அவள் தன் கணவனைக் கூப்பிட்டு, மூன்று வாளித் தண்ணீரில் நீலம் கரைத்து ஊற்றிக் காட்டினாள். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு நீலம் வரவில்லை. "இப்ப நம்புறீங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். நம்பவில்லை என்று சொல்ல முடியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் அவள் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்தினாள்.

பிறகு தரையோடு சண்டை போட்டேன். பினாயில் ஊற்றினால் பினாயிலும் மூத்திரமும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆனது. பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். மூக்கும் கண்ணும் எரிந்து, இருமி இருமி வெளியே ஓடிவந்தேன். மலையில் அந்தக் காலத்தில் காயின் பச்சை போகாமல் இருக்கச் சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயப்போடுவார்கள். அது நினைவு வந்து, சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கொட்டினேன். சூடு ஏறியதும் வாடை கும்மென்று கிளம்பியது. கடைசியில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். தரை பளபளவென்று ஆனது. ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு டைல்ஸ் இடுக்கில் விரலை விட்டார். வெள்ளைச் சிமெண்டு பொடிப்பொடியாக வந்தது.

"ஆசிட்ட ஊத்தி இடுக்குப் பூரா அரிச்சு வச்சிருக்கீங்களே அக்கா. இப்ப எது சிந்துனாலும் உள்ள போய் ஊறும். கழுவுறது மேல, வாட கீழ."

"சரி, சிந்துறது எது?" என்றேன்.

கொத்தனார் ஹாலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். இடுக்கையெல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும், ஆனால் தினமும் சிந்துகிறவரைக்கும் என்ன அடைத்தாலும் வீண் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் என் சந்தேகம் மொத்தமும் ஓர் ஆள் மேல் வந்து இறங்கியது. யோசிக்க யோசிக்கப் பொருந்தியது. அவருக்கு வலது பக்கம் உணர்வில்லை. உட்காரும்போது வலப்பக்கமாகச் சாய்வார். வாடையும் வலப்பக்கம்தான். ஆனாலும் எதிர்பாராமல் சிந்தினால் தினமும் அதே இடத்திலா சிந்தும்? வேண்டுமென்றே செய்கிறாரோ என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருடம் நான் குடைந்த குடைச்சலுக்குப் பழி வாங்குகிறாரோ? சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அந்த மூலையில நீங்கதான போறீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "நாந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜீப் விழுந்ததையும் வளையலையும் ஒப்புக்கொள்ளாத மனிதர், ஒரே கேள்வியில் ஒப்புக்கொள்கிறார். குடோனில் எந்த வியாபாரியாவது மூட்டையைப் பிரிக்கும் முன்னே தன் காயில் குறை உண்டு என்று சொன்னால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று நாங்கள் அடிவரைக்கும் கொட்டிப் பார்ப்போம். அதே குறுகுறுப்பு எனக்கு வந்தது. ஆனால் அடிவரைக்கும் பார்க்காமல், கிடைத்த பதிலைப் பிடித்துக்கொண்டேன். கோபம் அப்படி.

கோபத்தில் நான் செய்ததை இப்போது எழுதவும் கூசுகிறது. அவருக்குத் தண்ணீரைக் குறைத்தேன். சொம்பு நிறையக் கொடுத்ததை அரைச் சொம்பாக்கினேன். காப்பியை ஒரு வேளை நிறுத்தினேன். குடித்தால்தானே போவார் என்பது என் கணக்கு. குடோனில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். கக்கூசு ஒன்றுதான், அதுவும் லோடு இறக்குகிற ஆண்களைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்போம். எனக்கு முடிந்தது அவருக்கு முடியாதா என்று நினைத்தேன். அவர் வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு சும்மா இருப்பார். அதையும் நடிப்பு என்று நினைத்தேன்.

வாடை குறையவில்லை. மகனுக்குப் போன் போட்டேன். மூத்த இரண்டும் பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று; அவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான்.

"அம்மா, நானும் பாத்துட்டுத்தான இருக்கேன். ஒன்னால முடியல. தேனிப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, ஆம்பள ஆள் வச்சுத் தூக்குறாங்க. ஒரு மூணு மாசம் விட்டுப் பாப்போம்."

முன்னேயும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் அவனைத் திட்டியிருக்கிறேன். இந்தத் தடவை, "ஒங்கப்பா வேணும்னே செய்றாருடா" என்று சொல்லி அழுதேன். சரி என்றும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம் போனைக் கொடுத்தேன். அவன் என்ன சொன்னானோ, இவர் காதில் வைத்தபடியே தலையை ஆட்டினார். முரண்டு பிடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதற்கும் சந்தேகப்பட்டேன். அந்த இல்லத்தில் ஜீப்பில் ஏறி இறங்கிய தெரிந்தவள் யாராவது இருக்கிறாளா என்றுகூட என் புத்தி போனது. அறுபத்தேழு வயதில், ஒரு கால் இழுக்க, ஒரு கை தொங்க. என் புத்திக்கு வேளைகெட்ட வேளையே கிடையாது.

இல்லத்துக்குப் போக வேண்டிய தேதிக்கு ஆறு வாரம் முன்னால் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அடிவயிறு கல்லாக வீங்கி, மூத்திரம் சுத்தமாக நின்றுவிட்டது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூப் போட்டதும் தேநீர் நிறத்தில் இறங்கியது. பெரிய டாக்டர் என்னிடம், தண்ணீர் போதாமல் மூத்திரப்பையில் புண் பிடித்திருக்கிறது, அதன் கீழே வயசான ஆண்களுக்கு வருகிற சுரப்பி வீக்கமும் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் படுத்திருந்தவர்தான் பதில் சொன்னார்: "நா... குடிக்க... மாட்டேன்." அது பொய். அப்போதுகூட இவர் எதற்காக என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் யோசித்தேன்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடையில் கட்டிய பையில் வந்து சேரும், அதை நான் கக்கூசில் திறந்துவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கழற்ற வரச் சொன்னார்கள். இனி ஒரு சொட்டு தரையில் விழ வழியில்லை. வீட்டுக்கு வந்த அன்றே மூலையைத் தேய்த்துக் கழுவி, மின்விசிறி வைத்துக் காயவிட்டேன். மறுநாள் மத்தியானம் வாடை வந்தது.

டியூபைச் சந்தேகப்பட்டேன். இணைப்பு ஒவ்வொன்றிலும் பஞ்சைச் சுற்றிப் பார்த்தேன். காய்ந்த பஞ்சு காய்ந்தபடியே இருந்தது. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அமுக்கினேன். ஒழுகவில்லை. அவர் நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்... விடு" என்றார். விடு என்றால் நான் விடுகிற ஆளா? ஒரு பழைய வெள்ளை வேட்டியை இரண்டாகக் கிழித்தேன். குளியலறைத் தரையைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, ஒரு துண்டை அவர் காலடியிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் விரித்தேன். ஜன்னலைத் திறந்துவைத்தேன். தட்டில் காய் பரப்புகிற அதே முறைதான். வெள்ளையில் விழுந்தால் எதுவும் மறையாது.

அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, அவர் வெளிக்கிருந்து முடித்ததும், தூக்கத் தயாரானேன். எப்போதும் தூக்குகிற மாதிரிதான் தூக்கினேன். குடோனில் சேர்ந்த புதிதில் லோடுமேன் அண்ணன் ஒருவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அரை மூட்டையை இடம் மாற்றும்போது மூச்சை இழுத்து அடக்கி, பல்லைக் கடித்து, தம் கட்டி ஒரே எம்பாக எம்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் மூட்டை இறங்கிவிடும். இருபத்தாறு வருடம் மூட்டையை அப்படித் தூக்கினேன். இரண்டு வருடமாக அவரையும் அப்படித்தான் தூக்குகிறேன். தம் கட்டினேன், எம்பினேன். பாதியில் இருமல் வந்தது. எப்படியோ அவரை நாற்காலியில் சேர்த்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

அவர் காலடித் துணி வெள்ளையாக இருந்தது. மூலைத் துணியில், என் இரண்டு பாதத்துக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பரவிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவர் ஏதோ தந்திரம் செய்துவிட்டார் என்றுதான். பையைப் பார்த்தேன், டியூபைப் பார்த்தேன், மேலே கூரையைக்கூடப் பார்த்தேன். பிறகுதான் என் தொடையில் வெதுவெதுப்பு தெரிந்தது. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. தினமும் அவரைக் குளிப்பாட்டி முடிக்கும்போது இடுப்புக்குக் கீழே சேலை பாவாடை எல்லாம் தண்ணீரில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தில் இந்த ஈரம் எனக்குத் தெரியவே இல்லை. மூக்கு இடத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. ஆளைத்தான் நான் தப்பாகப் பிடித்தேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடது கையால் தண்ணீர்ச் செம்பைத் தடவி எடுத்து என் பக்கம் நீட்டினார். "ஊத்திக்கோ" என்றார்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

செம்பை இன்னும் கிட்டே நீட்டினார்.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"ரொம்ப... நாளா."

"பெறகு ஏன் நாந்தேன்னு சொன்னீங்க? என்ட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?"

அவருக்கு வாய் கோணியது. சொற்களைத் தேடி எடுத்துச் சொன்னார்: "சொன்னா... நீ... என்னத் தூக்க மாட்ட."

செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு அங்கேயே சுவரைப் பிடித்து நின்றேன். வெட்கம் உச்சந்தலைவரைக்கும் ஏறியது. ஏழு மாதம் மற்றவர்களை மோந்து பார்த்துவிட்டு, என் சேலையை ஒரு நாள் மோந்து பார்க்கவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதருக்குத் தண்ணீரை நிறுத்தி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆனால் என் புத்தி என் புத்திதானே. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டும்போது அந்த ஒரு வாக்கியத்தை உருட்டிப் பார்த்தேன். நீ என்னைத் தூக்க மாட்டாய். அப்படியானால் என் மானத்துக்காக மறைக்கவில்லையா? நான் கைவிட்டுவிட்டால் வேறு ஆள் வந்து தொடுவான் என்கிற பயத்தில், தன் வசதிக்காகத்தான் மறைத்தாரா? ஜீப் ஓட்டுகிற காலத்திலேயே தன் காரியத்தில் கண்ணான ஆள். இருக்கலாம். கேட்டால் சொல்லமாட்டார். சோற்றை மென்றபடி சமர்த்தாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டியூபைக் கழற்றப் போனபோது, அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, நர்சம்மாவிடம் தனியாகச் சொன்னேன். வேறு யாரோ ஒருத்திக்கு என்று ஆரம்பித்து, பாதியில் எனக்கு என்று முடித்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை. "எப்டித் தூக்குறீங்கம்மா? தூக்கிக் காட்டுங்க" என்றார். காலி நாற்காலியைத் தம் கட்டித் தூக்கிக் காட்டினேன்.

"அதாம்மா தப்பு. மூச்ச அடக்குனா அம்புட்டு அழுத்தமும் கீழதான் எறங்கும். தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணுக்க அடக்குற மாதிரி கீழ இறுக்கிக்கங்க. தூக்கும்போது மூச்ச வெளிய விடுங்க. தெனமும் சும்மா இருக்கையிலயும் அப்டி இறுக்கி இறுக்கி விடுங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும், கொறையும். கொறையலன்னா லேடி டாக்டரப் பாருங்க. பாதிப் பொம்பளைங்களுக்கு இருக்கு. யாரும் வாயத் தெறக்குறதில்ல."

திரும்பி வருகிற வழியெல்லாம் குடோன் ஞாபகம்தான். சாயங்காலம் மணி அடித்தாலும் உடனே எழுந்திருக்காமல், எல்லோரும் போனபிறகு கடைசியாக எழுந்து சேலையைப் பின்னால் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிற சில பேர் எங்களில் இருந்தார்கள். முந்தானையில் காயைச் சுருட்டி வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நான் அவர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒருத்தியைப் பற்றி மேஸ்திரியிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் அந்த வாரத்தோடு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

தரையைச் சரிசெய்யும் வழியையும் நர்சம்மாவே சொன்னார். சிந்தினால் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீர் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவிவிட்டு, ஈரத்தின் மேலே ஆப்ப சோடாவைத் தூவி வைத்துக் காலையில் பெருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரை வேறு எதோடும் கலக்கவே கூடாது, மூச்சு முட்டிவிடும் என்றார். நான் ஏற்கெனவே முட்டியவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மருந்துக் கடையில் மூத்திரக் கறையைத் தின்றுவிடுகிற திரவம் ஒன்றும் கிடைத்தது. அதை ஊற்றித் தேய்க்காமல் ஒரு நாள் முழுக்க ஈரமாகவே விட்டுவைக்க வேண்டுமாம். வைத்தேன். கொத்தனார் வந்து இடுக்கைச் சுரண்டி, புதிதாக அடைத்து, மேலே தண்ணீர் இறங்காத பூச்சு பூசிக் கொடுத்தார். நான் உள்ளே ஒரு துணி வைத்துக் கட்டிக்கொண்டேன். மூச்சை வெளியே விட்டுத் தூக்கப் பழகினேன். ஊதிக்கொண்டே தூக்குவதைப் பார்த்து அவர் ஜீப்பு ஹாரன் என்று கிண்டல் செய்தார்.

வாடை போய்விட்டது. ஆனால் மகனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். அப்பா செய்யவில்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கேட்பான். ஐம்பது தடவை ஒத்திகை பார்த்தும் வாய் வரவில்லை. கொத்தனார் சரிசெய்துவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், வீட்டுக்காரர் மேல் இருந்த பழிப் பேச்சும் ஓய்ந்துபோகும், என் பெயரும் காப்பாற்றப்படும் என்று நினைத்தேன். அப்படியே தேதி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் எடுத்துக்கொண்டு வந்தான். அவர் விடிந்ததும் தன் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, சக்கர நாற்காலியில் வாசல் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய துணிமணிப் பையை நான் கட்டவில்லை. வந்தவன் அவனே கட்டினான். கை கழுவக் குளியலறைக்குப் போனவன் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தான்.

"என்னம்மா, வாடையே இல்ல?"

"கொத்தனார் வந்து அடச்சாரு" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்லியே விட்டேன்.

"அப்ப அடுத்த மாசம் மறுபடி வரும். அப்பா மறுபடி..." என்று ஆரம்பித்துவிட்டு, அப்பா கேட்கிறார் என்று பாதியில் நிறுத்தினான்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நல்ல கையை மகன் பக்கம் நீட்டினார். அவன் குனிந்தான்.

"இனிமே... செய்ய... மாட்டேம்ப்பா" என்றார். "ஒழுங்கா... இருக்கேன்."

ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனிதர், பெற்ற பிள்ளையிடம், செய்யாத தப்புக்குக் கெஞ்சினார். அதை எப்படி நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

"டேய், அவர் செய்யலடா" என்றேன். என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது. "ஒரு நாளும் அவர் செய்யல. நாந்தாண்டா. அவரத் தூக்குறப்ப எனக்குத்தான் போகுது. எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பழிய வாங்கிக்கிட்டாரு. நான் அவருக்குத் தண்ணி குடுக்காம ஆஸ்பத்திரியில போட்டேன், அதுக்கும் அவரே பழிய வாங்கிக்கிட்டாரு."

மகன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துப்போய்ப் பீரோவுக்குள் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். வாரம் மூன்று நாள் காலையில் தூக்கிவிட ஓர் ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். நான் மறுக்கவில்லை.

அவர் போகாமல் இருக்கிறார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, என்னை அடிக்க வருவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளட்ட... போயி... இத... எதுக்குடி... சொன்ன?" என்றார். வாதம் வந்த பிறகு அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அன்று சாயங்காலம் வரை நான் ஊட்டிய சோற்றை வாங்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவருக்கு என்மேல் வந்த கோபங்களில் நான் சந்தேகப்படாதது, என் மானத்துக்காக வந்த அது ஒன்றுதான்.